தணல் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிதி திரட்டவும் அலுவலகக் குழுக்களுக்காகவும் நடக்கும் தணல் நடை நிகழ்ச்சிகளில் பெயர் பதிவு செய்யும் மேசையில் உட்காருகிறவன் நான். ஃபயர்வாக் என்று சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். உடம்புக்கு ஏதாவது பிரச்சினை உள்ளவர்கள் முதலில் 8ஆம் கேள்வியைப் படித்துவிடுங்கள்.

1. நெஜமாவே நெருப்பு மேலதான் நடக்கணுமா? இல்ல ஏதாவது செட்டப்பா?

நிஜமான நெருப்புதான். ஆனால் சுடர்விட்டு எரியும் நெருப்பு அல்ல. வைரம் பாய்ந்த மரக்கட்டைகளை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எரியவிட்டு, சுடர் அடங்கிக் கங்கானதும் நீளவாட்டில் பரப்பித் தட்டிச் சமமாக்குவார்கள். பாதையின் நீளம் பெரும்பாலும் 3 முதல் 6 மீட்டர். வெறுங்காலோடு கடக்கச் சில நொடிகள் போதும்.

காலில் மருந்து, பசை எதுவும் தடவுவதில்லை. கங்கு இருட்டில் சிவப்பாகத் தெரிகிறது என்றாலே அது ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். உள்ளே இன்னும் அதிகமாக இருக்கும், சாம்பல் பூத்த மேற்புறம் கொஞ்சம் குறைவாக இருக்கும். விளம்பரங்களில் டிகிரிக் கணக்கைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். மிரட்டுவதற்குத் தவிர அந்த எண்ணுக்குப் பெரிய பயன் கிடையாது.

2. அவ்வளவு சூடுன்னா கால் வெந்து போகாதா?

ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதைத் தொடும்போது எவ்வளவு வெப்பம் நம் உடம்புக்குள் இறங்குகிறது என்பது வேறு கணக்கு. அடுப்பில் நெடுநேரம் கிடந்த கரண்டியின் இரும்பைத் தொட்டால் அலறுவோம், அதன் மரப்பிடியைச் சாதாரணமாகப் பிடித்துக்கொள்வோம். மரமும் மரக்கரியும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். இரும்பு அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாகக் கடத்தும். கரி எடையிலும் லேசு. அதனால் ஒரு கங்கின் மேற்பரப்பில் உடனடியாகக் கொடுப்பதற்கு இருக்கும் வெப்பமும் கொஞ்சம்தான். பாதம் பட்டதும் அந்த இடம் சட்டென்று குளிர்ந்துவிடும், உள்ளிருக்கும் சூடு மேலே வந்து சேர நேரம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் காலை எடுத்துவிடுவீர்கள்.

பாதத்தின் பக்கமும் சில வசதிகள் இருக்கின்றன. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். சூடேற அதற்கு நிறைய வெப்பம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் வந்த வெப்பத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளங்கால் தோலும் தடிப்பானது. இதோடு கங்கின் மேல் படிந்திருக்கும் மெல்லிய சாம்பலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் வெப்பத்தைத் தடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலானது நேரம். சாதாரண நடையில் ஒரு பாதம் தரையில் அழுத்தமாகப் பதிவது அரை நொடி அளவுக்குத்தான். தோலின் சூடு 44 டிகிரி பக்கம் போனாலே வலிக்க ஆரம்பிக்கும், அதற்கு மேல் போகப் போகக் காயம்தான். அந்த எல்லையை எட்டும் முன்பே பாதை முடிந்துவிட வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவரின் திறமை என்பது ஏறக்குறைய இந்த ஒரு வரிதான்.

3. "மனசை ஒருமுகப்படுத்தினா நெருப்பு சுடாது"ன்னு பயிற்சியாளர் சொல்றாரே?

நெருப்புக்கு உங்கள் மனசு தெரியாது. இதை யாராவது மேடையில் அடித்துச் சொன்னால், அவருடைய மற்றப் பேச்சையும் கொஞ்சம் உஷாராகவே கேளுங்கள்.

இந்தச் சந்தேகம் ரொம்பப் பழையது. 1935இல் லண்டனுக்கு அருகே கார்ஷல்டன் என்ற இடத்தில் ஹாரி பிரைஸ் என்ற ஆய்வாளர், காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸை அறிவியலாளர்கள் முன்னிலையில் தணலில் நடக்கவைத்துச் சோதித்தார். மேற்பரப்பு 430 டிகிரி செல்சியஸ் என்று அளந்தார்கள். குடா பக்ஸின் கால் புண்ணாகவில்லை. 1937இல் அடுத்த சுற்றுச் சோதனைகள் நடந்தபோது, இந்தப் பழக்கமே இல்லாத ஆங்கிலேயர் ஒருவரும் லேசான சூட்டோடு கடந்துவிட்டார். தொடும் நேரம் குறைவு, மரத்தணல் வெப்பத்தை மோசமாகக் கடத்தும் என்பதுதான் அவர்கள் வந்துசேர்ந்த முடிவு. 1985இல் பெர்னார்ட் லெய்கிண்ட், வில்லியம் மெக்கார்த்தி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களும் இதைத்தான் சொன்னார்கள். லெய்கிண்ட் பயிற்சி வகுப்பு எதிலும் உட்காராமலே நடந்தும் காட்டினார்.

மனசுக்கு இதில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் எட்டை எடுத்துவைப்பது மனசு. இடையில் நின்றுவிடாமல் கொண்டுபோவதும் அதுதான். காலைக் காப்பாற்றும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

4. கோயில்ல தீமிதிக்கிறதும் இதுவும் ஒண்ணுதானா?

காலுக்கு ஒன்றுதான். மற்றபடி வேறு வேறு. திரௌபதி அம்மன் கோயில்களில் மிதிப்பதும், வட கிரீஸில் புனிதர்கள் கான்ஸ்டன்டைன், ஹெலன் திருநாளில் மிதிப்பதும், ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிக் கிராமத்தில் ஜூன் 23 இரவு ஒருவரை முதுகில் சுமந்துகொண்டு மிதிப்பதும் வழிபாடும் ஊர் வழக்கமும். நேர்த்தி, விரதம், நம்பிக்கை என்று அதற்கு ஒரு பின்புலம் உண்டு. நாங்கள் நடத்துவது 1970களின் இறுதியில் அமெரிக்காவில் டாலி பர்கன் என்பவர் பயிற்சி வகுப்பாகப் பரப்பியதன் தொடர்ச்சி. பிறகு டோனி ராபின்ஸ் என்ற தன்னம்பிக்கைப் பேச்சாளர் அதை ஆயிரக்கணக்கானோர் கூடும் கூட்டங்களுக்குக் கொண்டுபோனார். ஒன்றின் பெருமையை இன்னொன்றின் மேல் ஏற்றி விற்பது எனக்குப் பிடிக்காது.

5. காலை ஈரம் பண்ணிக்கிட்டா சுடாதாமே?

சூடான கல்லில் விழுந்த நீர்த்துளி ஆவிப்படலத்தின் மேல் ஓடுவதுபோல, ஈரக்காலுக்கும் ஒரு ஆவித்திரை கிடைக்கும் என்ற கருத்து ஒருகாலத்தில் பிரபலமாக இருந்தது. இயற்பியலாளர் ஜெர்ல் வாக்கர் அதை வலியுறுத்தியவர், தானே நடந்தும் காட்டியவர். ஆனால் காய்ந்த காலோடு நடப்பவர்களும் சுடாமல் போகிறார்கள் என்பதால், முக்கியக் காரணம் 2ஆம் பதிலில் சொன்னதுதான்.

நடைமுறையில் ஈரம் பிரச்சினையைத்தான் கொண்டுவரும். ஈரக்காலில் சின்னக் கங்குகள் ஒட்டிக்கொள்ளும். அரை நொடிக் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகும். துடைத்துவிட்டு நடங்கள். பாதை முடிந்த பிறகு ஈரப்புல்லிலோ தண்ணீர்த் தட்டிலோ கால் வைப்பது நல்லது, விரலிடுக்கில் ஏதாவது சிக்கியிருந்தால் அணைந்துவிடும்.

6. அப்ப ஒரே ஓட்டமா ஓடிடலாமா?

வேண்டாம். ஓடும்போது முன்பாதம் தணலுக்குள் ஆழமாக இறங்கும், பாதத்தின் மேல்பக்கத் தோலில் கங்கு படும். அது மெல்லிய தோல். கங்கு பின்னால் வருகிறவர் மேல் தெறிக்கவும் செய்யும். தடுக்கி விழுந்தால் கையும் முழங்காலும் போச்சு. மெதுவாக ஊர்வதும் கூடாது. அவசரமாக ஒரு கதவைத் திறக்கப் போகிறவர் எப்படி நடப்பாரோ அந்த வேகம், பாதம் முழுக்கப் பதியும் நடை, பார்வை பாதையின் மறுமுனையில்.

கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிடுங்கள். நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டும், பருத்தியே நல்லது. கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். உலோகம் ஏன் ஆகாது என்பதை மறுபடி சொல்லத் தேவையில்லை. போன் பையில் இருக்கட்டும், படம் எடுக்க வேறு ஆள் இருப்பார்.

7. இதுவரைக்கும் யாரும் சுட்டுக்கிட்டதே இல்லையா?

நிறையப் பேர் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். "யாருக்கும் எதுவும் ஆனதில்லை" என்று சொல்லும் அமைப்பாளரை நம்பாதீர்கள். 2002இல் ஆஸ்திரேலியாவில் ஒரு துரித உணவு நிறுவனத்தின் மேலாளர்களுக்காக நடத்திய குழுப் பயிற்சியில் சுமார் 20 பேருக்குக் கால் வெந்தது. 2012 ஜூலையில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் டோனி ராபின்ஸ் நிகழ்ச்சியில் 21 பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. 2016இல் அவருடைய டாலஸ் நிகழ்ச்சியில் சுமார் 30 பேர். போனில் படம் எடுத்துக்கொண்டே நடந்ததால் வந்தது என்று அங்கே பங்கேற்றவர் ஒருவர் சொன்னார். 2022 ஜூனில் சூரிச் ஏரிக்கரையில் ஒரு விளம்பர நிறுவன ஊழியர்கள் 25 பேர் காயப்பட்டு, அவர்களில் 13 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

இந்தப் பட்டியலில் அலுவலக நிகழ்ச்சிகளும் பெருங்கூட்டங்களும் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் பெரிதானால் வரிசையைச் சீக்கிரம் நகர்த்தச் சொல்லி நெருக்கடி வரும். கங்கு அடங்குமுன் ஆளை இறக்குவது, கங்கைத் தடிமனாகக் குவித்து வைப்பது, சாம்பல் போனபின் புதுக் கங்கை அள்ளிப் போட்டதும் உடனே அடுத்தவரை விடுவது எல்லாம் அந்த அவசரத்தில் நடக்கக்கூடியவை. நடப்பவர் பக்கத் தவறுகள் வழக்கமானவை: நடுவில் நிற்பது, குனிந்து பார்ப்பது, கொண்டாடிக்கொண்டே கடைசி எட்டைத் தணலிலேயே வைத்திருப்பது.

8. சர்க்கரை இருக்கு, ஆனா கன்ட்ரோல்ல இருக்கு. நடக்கலாமா?

எங்கள் மேசையில் பதில் "வேண்டாம்" என்பதுதான். சர்க்கரை நோயில் பாத நரம்புகள் மெல்ல மெல்ல உணர்வை இழக்கலாம், அது நடப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. சுட்டால் காலை எடுக்கச் சொல்லும் வலி உங்களுக்கு வராது. புண் வந்தால் ஆறவும் நாளாகும். இத்தனை சொல்லியும் "டாக்டர் சரின்னுட்டார்" என்பவர்களிடம் எழுத்தில் கேட்கிறோம்.

காலில் ரத்த ஓட்டக் குறைவு, வேறு காரணத்தால் வந்த மரத்துப்போதல், ஆறாத வெடிப்பு அல்லது புண், நிலைதடுமாறும் நோய், கர்ப்பம், தீவிர இதய நோய் உள்ளவர்களும் நடக்க வேண்டாம். குடித்துவிட்டு வருகிறவர்களை எந்தக் காரணம் சொன்னாலும் விடக் கூடாது. வலிநிவாரணி போட்டுக்கொண்டு வருவது புத்திசாலித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு வருவது அது.

9. என் பையனுக்குப் பதிமூணு வயசு, ரொம்ப தைரியசாலி. அவனும் வரட்டுமா?

வந்து கைதட்டட்டும். பெரும்பாலான அமைப்பாளர்கள் 18 வயதை எல்லையாக வைக்கிறார்கள், சிலர் பெற்றோர் சம்மதத்தோடு கொஞ்சம் குறைக்கிறார்கள். சின்னப் பாதத்தின் தோல் மெல்லியது. தைரியம் இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை.

10. இதுல நடந்தா தன்னம்பிக்கை வந்துடுமா? எத்தனை நாள் நிக்கும்?

நடந்த அன்று இரவு யாருக்கும் தூக்கம் வராது, அது நிச்சயம். அட்ரினலின் அடங்க நேரமாகும். அதைத் தன்னம்பிக்கை என்று எண்ணிவிட வேண்டாம்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதியதிலிருந்து ஒரு விஷயம் இங்கே உதவும். "என்னால் முடியும்" என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் என்றார் அவர். பிறர் செய்வதைப் பார்ப்பதும், யாராவது ஊக்கப்படுத்துவதும் அதற்கு அடுத்த நிலையில்தான். தணல் நடை அந்த முதல் வகையைச் சேர்ந்தது, அதனால்தான் வேலை செய்கிறது. ஆனால் அந்த அனுபவம் நீங்கள் பயப்படும் வேலையோடு சம்பந்தப்பட்டதாக இருந்தால்தான் அங்கே எடுபடும். தணலில் நடந்தவருக்கு மறுநாள் கூட்டத்தில் பேச வந்துவிடாது. பேசிப் பார்த்தால்தான் வரும்.

அதனால் நான் சொல்வது: நடப்பதற்கு முன்பே ஒரு காரியத்தை முடிவுசெய்து வையுங்கள். தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரு தொலைபேசிப் பேச்சு, ஒரு விண்ணப்பம், எதுவானாலும். இந்த உற்சாகம் வடிவதற்குள், ஓரிரு நாளில், அதைச் செய்துவிடுங்கள். நடந்துவிட்டுச் சான்றிதழை மாட்டிவைப்பதோடு நிறுத்தியவர்களிடம் மாற்றம் எதுவும் நான் பார்த்ததில்லை.

11. எங்க டீம்ல ஒருத்தருக்கொருத்தர் ஒட்டவே மாட்டேங்கிறாங்க. இது உதவுமா?

சேர்ந்து பயப்படுவதில் ஒரு நெருக்கம் வருவது உண்மை. 4ஆம் பதிலில் சொன்ன சான் பெத்ரோ மன்ரிக் கிராமத்தில் ஆய்வாளர்கள் தணலில் நடப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவி மாட்டினார்கள். 2011இல் வெளியான முடிவு இது: நடப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதமும், பார்த்துக்கொண்டிருந்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒத்துப்போயின. சம்பந்தமில்லாத பார்வையாளர்களிடம் அந்த ஒத்திசைவு இல்லை.

மேலாளர்கள் இந்த ஆய்வைச் சொல்லித்தான் பணம் கேட்டு ஒப்புதல் வாங்குகிறார்கள். கவனமாகப் பாருங்கள், அங்கே உறவு முன்பே இருந்தது. தணல் அதை உண்டாக்கவில்லை. சம்பளப் பாக்கி, பாரபட்சம், பேசவிடாத மேலாளர் என்று காரணம் வேறாக இருந்தால், நெருப்பு மூட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஓரளவு நன்றாகப் போகும் குழுவுக்கு இது நல்ல விருந்து. உடைந்த குழுவுக்கு மருந்தல்ல.

12. எனக்கு நடக்க இஷ்டமில்லை. ஆபீஸ்ல எல்லாரும் நடக்கிறாங்க. மாட்டேன்னா தப்பா நினைப்பாங்களா?

நினைக்கக்கூடிய அலுவலகமாக இருந்தால் அந்த நிகழ்ச்சியே தப்பு. மேலதிகாரி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது "விருப்பம்தான்" என்பதற்கு அர்த்தம் கிடையாது. நாங்கள் அலுவலகங்களிடம் கேட்டுக்கொள்வது, யார் நடக்கிறார்கள் என்ற பட்டியல் எங்களிடம் மட்டும் இருக்க வேண்டும், காரணம் யாரும் சொல்ல வேண்டியதில்லை என்பது. 8ஆம் பதிலில் உள்ள நோய்களில் ஒன்று தனக்கிருப்பதை அலுவலகத்தில் சொல்லாதவர்கள் நிறையப் பேர்.

நடக்காதவர்களுக்கு உருப்படியான வேலை இருக்கிறது: மறுமுனையில் கைபிடித்து இறக்குவது, தண்ணீர், நேரக்கணக்கு, படம். ஓரமாகப் போய் நில்லுங்கள் என்று சொல்வதுதான் மோசம்.

13. நன்கொடை எப்படி வசூலாகுது? நான் கட்டுற பதிவுக் கட்டணமும் நன்கொடைதானே?

இல்லை. பதிவுக் கட்டணம் பெரும்பாலும் மரம், ஆள், காப்பீடு, இடம் ஆகியவற்றுக்குப் போகிறது. நன்கொடை என்பது "நான் தணலில் நடக்கிறேன், இந்தக் காரியத்துக்காகக் கொடுங்கள்" என்று நீங்கள் தெரிந்தவர்களிடம் திரட்டுவது. பல தொண்டு நிறுவனங்கள் குறைந்தபட்சத் தொகை ஒன்றை வைக்கின்றன.

கேட்பவரிடம் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள். உங்கள் கட்டணத்தை நீங்களே கட்டிவிட்டு, திரட்டுவது முழுக்கத் தொண்டுக்குப் போகிறது என்று சொன்னால் கொடுப்பவர் கை தாராளமாகும். கட்டணமும் திரட்டும் பணத்திலிருந்துதான் என்றால் அதையும் மறைக்காதீர்கள். நிறுவனத்திடம் முந்தைய நிகழ்ச்சியின் வரவு செலவைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

14. மரம் வாங்கி நாங்களே கொளுத்திக்கலாமே? எதுக்கு வெளியாளு?

எந்த மரம், எத்தனை நேரம், எவ்வளவு தடிமன், எப்போது விடலாம் என்பதைப் பார்த்தே சொல்ல அனுபவம் வேண்டும். வீடியோ பார்த்து வராது. பழைய மரப்பெட்டியை உடைத்துப் போடுவார்கள், ஆணி உள்ளே கிடக்கும். வண்ணமும் ரசாயனமும் ஏறிய பலகை நச்சுப்புகை கக்கும். பிசின் மரம் வெடித்துத் தெறிக்கும். அழுத்திச் செய்த கரிக்கட்டிகள் சாதாரணக் கரியைவிட அடர்த்தியானவை, 2ஆம் பதிலின் கணக்கே மாறிவிடும். கான்கிரீட் தரையில் மூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தரை வெடித்துச் சில்லாகத் தெறிக்கும்.

15. நல்ல அமைப்பாளர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காயங்களைப் பற்றிக் கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறாரா, 3ஆம் கேள்வியில் வருகிறவர்போல மனசு, ஒருமுகம் என்று மழுப்புகிறாரா என்று பாருங்கள். பொதுமக்கள் பங்கேற்புக்கான காப்பீட்டின் நகல், தீயணைப்புத் துறைக்கும் இடத்தின் உரிமையாளருக்கும் தகவல் போயிருக்கிறதா, தீக்காய முதலுதவி தெரிந்தவர் பக்கத்தில் இருப்பாரா, ஒரு மாலைக்கு எத்தனை பேர்தான் எல்லை என்று கேளுங்கள். தணலில் முதலில் நடப்பவர் அவராகவே இருக்க வேண்டும். காற்றோ மழையோ வந்தால் நிறுத்திவிடும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதும் முக்கியம். பணம் திரட்டியாகிவிட்டதே என்று விருந்தினர்கள் நெருக்கும்போதுதான் அது தேவைப்படும்.

கையெழுத்து வாங்கும் படிவத்தைப் படித்துப் பாருங்கள். அபாயம் தெரிந்து வந்தேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்வது வேறு, அவருடைய அஜாக்கிரதைக்கும் பொறுப்பில்லை என்று எழுதிவைத்திருப்பது வேறு.

16. நடந்துட்டு வந்தேன், கால்ல சின்னதா எரியுது. என்ன பண்றது?

ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காலைப் பிடியுங்கள். முழு 20 நிமிடம். பனிக்கட்டி வேண்டாம், பற்பசை, எண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். பிறகு சுத்தமான, ஒட்டாத துணியால் தளர்வாக மூடுங்கள். கடலைப் பருப்பு அளவில் ஒன்றிரண்டு கொப்புளம் வருவது சகஜம், உடைக்காமல் விட்டால் சில நாளில் அடங்கும். பெரிய கொப்புளம், வெளுத்தோ கருத்தோ போன தோல், சுட்ட இடத்தில் உணர்வே இல்லாமை, இரண்டாம் நாளில் சிவப்பு பரவுவது, காய்ச்சல் இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள்.

17. எல்லாம் இயற்பியல்தான்னா இதுல சாதனை என்ன? இதுக்கு எதுக்கு ஜனங்க காசு தரணும்?

இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். காரணம் தெரிந்துவிட்டதால் பயம் போய்விடும் என்று நினைக்கிறீர்கள். விளக்கம் முழுக்கக் கேட்டுத் தலையாட்டிய பொறியாளர்கள் தணலின் முன் வந்து நின்று காலைத் தூக்க முடியாமல் திணறியதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததை நம்பி ஒரு எட்டு வைப்பதற்கும் தைரியம் வேண்டியிருக்கிறது. அதனால்தான் நாங்கள் காரணத்தை மறைக்காமல் முன்பே சொல்லிவிடுகிறோம். மந்திரம் என்று நம்பி நடந்தவர், மந்திரம் இல்லை என்று பிறகு தெரியும்போது ஏமாந்ததாக உணர்வார்.

காசு தருகிறவர் உங்கள் காலுக்காகத் தருவதில்லை, நீங்கள் சொன்ன காரியத்துக்காகத் தருகிறார். நீங்கள் கொஞ்சம் சிரமப்பட முன்வந்தது கேட்பதற்கு ஒரு சாக்கு, அவருக்குக் கொடுக்கவும் ஒரு சாக்கு.

18. கடைசி நிமிஷத்துல பயந்து திரும்பிட்டேன்னா வாங்கின பணத்தைத் திருப்பித் தரணுமா?

திரும்பிப் போவதற்கு எப்போதும் வழி உண்டு, தணலின் ஓரத்தில் நின்ற பிறகும். பணத்தைப் பொறுத்தவரை கொடுத்தவர்களிடம் நடந்ததைச் சொல்லி, வேண்டுமானால் திருப்பித் தருகிறேன் என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலானோர் "அங்கேயே இருக்கட்டும்" என்பார்கள். ஆனால் அந்த வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். நடந்ததாகச் சொல்லிச் சமாளிக்காதீர்கள், படம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பணம் ஏற்கெனவே தொண்டு நிறுவனத்தின் கணக்கில் நேராகப் போயிருந்தால், திரும்பக் கேட்பவரின் பெயரை அவர்களுக்கு எழுதி அனுப்புங்கள். பதிவுக் கட்டணம் மட்டும் திரும்பாது, மரம் எரிந்துவிட்டது.